சூரியன் மேற்கே மறைகிற ஊரில்: கோடை விடுமுறையும் குழந்தைகளின் படைப்பாற்றலும்

தமிழ்நாட்டில் எந்தப் பள்ளிக் குழந்தையிடம் ஒரு தாளைக் கொடுத்து இயற்கைக் காட்சி வரையச் சொன்னாலும் அநேகமாக ஒரே படம்தான் வரும். இரண்டு முக்கோண மலைகள், நடுவே பாதி எழும்பிய சூரியன், மலையிடுக்கிலிருந்து வளைந்து இறங்கும் ஆறு, கரையில் ஒரு கூரை வீடு, பக்கத்தில் ஒற்றைத் தென்னை. அச்சன்புதூர்க் குழந்தைக்கும் இந்தப் படம் மனப்பாடம். ஆனால் தென்காசி மாவட்டத்தின் இந்தப் பேரூராட்சியில் எந்த மொட்டைமாடியில் ஏறி நின்று பார்த்தாலும் மலை மேற்கே இருக்கிறது. சூரியன் அங்கே உதிப்பதில்லை. சாயங்காலம் அதன் பின்னால் இறங்குகிறது. மலையும் முக்கோணமாக இல்லை. தெற்கு வடக்காக நீண்டு கிடக்கும் தொடர் அது. முன்மடிப்பு கரும்பச்சையாக இருக்கும். பின்னால் போகப் போக நீலம் வெளிறி வானத்தோடு கலந்துவிடும். நாள்தோறும் கண்ணெதிரே நிற்கிற மலையை விட்டுவிட்டு, எங்கிருந்தோ வந்து சேர்ந்த மலையைக் குழந்தை வரைகிறது.

இது குழந்தையின் குறை இல்லை. அந்தப் படம் யாரோ வரைந்து காட்டியது, பாராட்டு வாங்கியது, போட்டியில் பரிசும் பெற்றது. பார்க்கிற கண்ணுக்கும் வரைகிற கைக்கும் நடுவே பெரியவர்களின் எதிர்பார்ப்பு வந்து உட்கார்ந்துவிட்டது. அந்த எதிர்பார்ப்பு சற்று விலகி நிற்கக்கூடிய நீண்ட காலம் ஆண்டில் ஒன்றுதான் உண்டு, கோடை விடுமுறை. அந்த வாரங்களைக் குடும்பம் என்ன செய்யலாம் என்பதை உளவியல் ஆய்வுகளையும் இந்த வட்டாரத்து வாழ்க்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இங்கே பார்க்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். குழந்தையின் படைப்பாற்றல் வளரப் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. பொருள் ஊரிலேயே கிடக்கிறது. பெரியவர்கள் கூட இருக்க வேண்டும். குறுக்கே வரக் கூடாது. இரண்டாவதுதான் கடினம்.

குற்றாலத்தை வெளியூர்க்காரர்கள் சாரலோடு சேர்த்தே அறிவார்கள். தென்மேற்குப் பருவமழை ஜூனில் தொடங்கி பேரருவியும் ஐந்தருவியும் நிறைந்து விழும்போது இந்தப் பகுதிக் குழந்தைகள் சீருடை போட்டு வகுப்பில் இருப்பார்கள். அவர்களுக்கு வாய்க்கிற விடுமுறை, ஊர் காய்ந்து கிடக்கும் சித்திரையும் வைகாசியும். அனுமன் நதியில் மணல் தெரியும். மேக்கரையில் அதன் குறுக்கே நிற்கும் அடவிநயினார் அணையில் நீர்மட்டம் இறங்கியிருக்கும். குளங்கள் வற்றி அடித்தரை பாளம் பாளமாக வெடித்திருக்கும். பார்வைக்கு வறண்ட இந்தக் காலம்தான் குழந்தையின் கைக்குப் பொருள் மிகுந்த காலம். வற்றிய குளத்தில் களிமண், பனையில் நுங்கு, தோப்பில் காய்ந்து விழுந்த மட்டையும் குரும்பையும், அடுப்படியில் சிரட்டை. மாடியில் வற்றல் காய்கிறது. கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டு கேட்கிறது.

1971-இல் சைமன் நிக்கல்சன் என்ற பிரிட்டிஷ் கலைஞர் ஒரு கட்டுரை எழுதினார். விளையாட்டு மைதானங்களை வடிவமைக்கும் மகிழ்ச்சி முழுவதையும் பெரியவர்களே எடுத்துக்கொண்டு, எதையும் மாற்ற முடியாத இடங்களைக் குழந்தைகளுக்குத் தருகிறோம் என்பது அவருடைய குற்றச்சாட்டு. ஓரிடத்தில் எடுக்கவும் நகர்த்தவும் சேர்க்கவும் பிரிக்கவும் தோதான உதிரிப் பொருள்கள் எந்த அளவுக்கு இருக்கின்றனவோ, அந்த அளவுக்கே அங்கே கண்டுபிடிப்பும் நடக்கும் என்றார். சறுக்குமரம் கடைசிவரை சறுக்குமரம்தான். மணலும் குச்சியும் கல்லும் ஒரே காலையில் கோட்டையாகும், கடையாகும், கல்யாண வீடாகும். நம் பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்களுக்கு இது தெரிந்திருந்தது. பருவங்களை வகுத்தபோது சிற்றில், சிறுபறை, சிறுதேர் என்றும் கழங்கு, அம்மானை, ஊசல் என்றும் விளையாட்டையே குழந்தை வளர்ச்சியின் படிகளாக வைத்தார்கள். சிற்றில் என்பது மணலில் கட்டும் வீடு. அழிந்துவிடும் என்று தெரிந்தே கட்டுவது.

பொம்மைகள் குறைவாக இருந்தால் விளையாட்டு வளரும் என்பதற்கு அமெரிக்காவின் டொலிடோ பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு ஒன்று சான்றாகிறது. 2018-இல் வெளியான அதில் 36 சின்னஞ்சிறு குழந்தைகளை ஒருமுறை 4 பொம்மைகளோடும் ஒருமுறை 16 பொம்மைகளோடும் விளையாட விட்டார்கள். 4 மட்டும் இருந்தபோது ஒவ்வொன்றோடும் நெடுநேரம் ஈடுபட்டார்கள். ஒரே பொம்மையைப் பலவிதமாகப் பயன்படுத்தினார்கள். பொம்மை வாங்கித் தர முடியவில்லையே என்று வருந்தும் பெற்றோர் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வாங்கிக் குவித்திருக்கிறவர்கள் பாதியை எடுத்து உள்ளே வைத்துவிடலாம்.

நுங்கு வண்டியைக் கொஞ்சம் நின்று பார்ப்போம். நுங்கைத் தோண்டித் தின்ற பிறகு மிஞ்சும் இரண்டு காய்கள் சக்கரம். குறுக்கே ஒரு கம்பு செருகினால் அச்சு. கவட்டைக் கம்பு ஒன்றை அந்த அச்சின் மேல் வைத்துத் தள்ளினால் வண்டி ஓடும். சொல்லும்போது இவ்வளவுதான். செய்கிற குழந்தைக்கு அடுத்தடுத்துச் சிக்கல் வரும். ஒரு காய் பெரிதாகவும் மற்றது சிறிதாகவும் இருந்தால் வண்டி நேரே போகாமல் சிறிய காய் இருக்கும் பக்கம் திரும்பும். அச்சு தளர்ந்தால் காய் கழன்று ஓடும். கம்பை நடுவில் செருகாவிட்டால் வண்டி நொண்டும். காய் காயக் காயத் துளை தளரும். மறுநாள் வண்டி நேற்றைப்போல் ஓடாது. இவற்றில் ஒவ்வொன்றும் குழந்தை தானே கண்டுபிடித்துத் தானே சரிசெய்ய வேண்டிய பொறியியல். ஓலைக் காத்தாடியும் அப்படித்தான். இதழ்களைக் கொஞ்சம் சாய்வாக மடிக்காவிட்டால், எவ்வளவு வேகமாக ஓடினாலும் கருவேல முள்ளில் குத்திய காத்தாடி சுற்றாது. சாய்வுதான் காரணம் என்று கண்டுகொள்ள ஒரு குழந்தைக்கு அரைநாள் ஆகலாம். அப்பா அதை அரை நிமிடத்தில் சொல்லிவிட முடியும்.

சொல்லலாமா? எலிசபெத் போனாவிட்ஸ் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் தருகிறது. பல வேலைகள் ஒளிந்திருக்கும் ஒரு பொம்மையைச் செய்தார்கள். ஒரு குழாயை இழுத்தால் கீச்சென்று சத்தம் வரும். இன்னோரிடத்தில் விளக்கு எரியும். ஒரு பக்கம் இசை. ஒரு குழாய்க்குள் கண்ணாடி. சில குழந்தைகளிடம், இந்தப் பொம்மை இப்படித்தான் வேலை செய்யும் என்று ஆசிரியர் தோரணையில் கீச்சொலியை மட்டும் காட்டினார்கள். மற்றக் குழந்தைகளுக்கு அப்படிப் பாடமாகக் காட்டவில்லை. பாடம் கேட்ட குழந்தைகள் கீச்சொலியையே திரும்பத் திரும்பச் செய்துவிட்டுச் சீக்கிரம் நிறுத்திக்கொண்டார்கள். பாடம் கேட்காதவர்கள் நெடுநேரம் துழாவி மற்றவற்றையும் கண்டுபிடித்தார்கள். பெரியவர் ஒன்றைச் சொல்லிக் கொடுத்தால், சொல்ல வேண்டியது அவ்வளவுதான் போலிருக்கிறது என்று குழந்தை நினைத்துக்கொள்கிறது. குழந்தை அறிவோடு எடுக்கிற முடிவு அது. அதனால்தான் கற்பிப்பதில் இருக்கும் இந்த ஆபத்து நம் கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஆகவே காத்தாடி சுற்றவில்லை என்று பிள்ளை வந்து நின்றால், வாங்கி மடித்துக் கொடுக்கக் கை பரபரக்கும். பொறுத்துக்கொண்டு, "சுத்துற காத்தாடியையும் உன் காத்தாடியையும் பக்கத்துல வச்சுப் பாத்தியாலே?" என்று கேட்டால் போதும். கேள்வி கேட்பது குறுக்கீடு ஆகாது. விடையைக் கையில் திணிப்பதுதான் குறுக்கீடு. கத்தியும் அரிவாளும் பிடிக்க வேண்டிய இடத்தில் மட்டும் பெரியவர் கை வரட்டும்.

இந்த வழியை நம் நாட்டில் பெரிய அளவில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1972-இல் மத்தியப் பிரதேசத்தில் தொடங்கிய ஹோஷங்காபாத் அறிவியல் கல்வித் திட்டம், சாதாரண அரசுப் பள்ளிகளில் கைக்குக் கிடைத்த பொருள்களைக் கொண்டே அறிவியல் கற்றுக்கொள்ள வழிசெய்தது. கான்பூர் ஐஐடியில் படித்த அரவிந்த் குப்தா 1970-களின் இறுதியில் அங்கே போனார். தீக்குச்சிகளை சைக்கிள் வால்வ் டியூப் துண்டுகளால் இணைத்து முக்கோணமும் சதுரமும் வீடும் செய்யும் முறையை உருவாக்கினார். சதுரத்தை அழுத்தினால் சாய்கிறது, முக்கோணம் சாய்வதில்லை என்று அதைச் செய்து பார்த்த குழந்தை தன் விரலால் அறிகிறது. பிறகு வாழ்நாள் முழுவதும் குப்பையில் போகும் பொருள்களைக் கொண்டு பொம்மைகள் செய்துகாட்டினார் அவர். 2018-இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது. சைக்கிள் கடையில் வால்வ் டியூப்பும் பெட்டிக்கடையில் தீப்பெட்டியும் அச்சன்புதூரிலும் கிடைக்கும்.

படைப்பாற்றலை அளக்க முடியுமா என்ற கேள்வி உளவியலில் சூடுபிடித்தது, 1950-இல் அமெரிக்க உளவியல் கழகத்தின் தலைவராக ஜே. பி. கில்ஃபோர்ட் ஆற்றிய உரைக்குப் பிறகு. ஒரே விடையைத் தேடும் சிந்தனை வேறு, பல விடைகளை நோக்கி விரியும் சிந்தனை வேறு என்று அவர் பிரித்தார். ஒரு செங்கல்லை எத்தனை விதமாகப் பயன்படுத்தலாம் என்பது அந்த வகைச் சோதனைகளில் புகழ்பெற்ற கேள்வி. நம் வீட்டில் செங்கல்லுக்குப் பதில் சிரட்டையை எடுத்துக்கொள்ளலாம். சாயங்காலம் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது ஆளுக்கொரு பயன் சொல்ல வேண்டும். சொன்னதையே திரும்பச் சொல்லக் கூடாது. அகப்பை, அடுப்புக்கு விறகு, செடித்தொட்டி என்று பெரியவர்களின் பட்டியல் சீக்கிரம் தீர்ந்துவிடும். அதற்குப் பிறகுதான் குழந்தைகளின் முறை. எறும்புக்குக் குளம், பொம்மைக்குத் தொப்பி, இரண்டைத் தட்டிக் குதிரைக் குளம்புச் சத்தம், நிலாவின் அச்சு. எண்ணிக்கை மட்டும் முக்கியமில்லை. ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்குத் தாவுகிறதா, யாரும் சொல்லாததைச் சொல்கிறதா என்பதையும் ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள். எவ்வளவு விநோதமான பதில் வந்தாலும் வீட்டில் யாரும் "அதெப்படி முடியும்" என்று சொல்லக் கூடாது. அதை மட்டும் விளையாட்டின் விதியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி ஓவியத்துக்கு வருகிறேன். பரிசு கொடுத்தால் ஊக்கம் வளரும் என்று நாம் நம்புகிறோம். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் ஸ்டான்ஃபோர்டில் ஒரு மழலையர் பள்ளியில் செய்த சோதனை இந்த நம்பிக்கையை அசைத்தது. படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள 3 முதல் 5 வயதுக் குழந்தைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒரு பிரிவினரிடம், வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் உள்ள சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். இன்னொரு பிரிவினருக்கு எதிர்பாராமல் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவினருக்கு எதுவும் இல்லை. ஓரிரு வாரங்கள் கழித்து, பரிசுப் பேச்சே இல்லாத சாதாரண விளையாட்டு நேரத்தில் பார்த்தால், பரிசை எதிர்பார்த்து வரைந்தவர்கள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களுடையதில் ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. பரிசுக்காக வரைந்த படங்களின் தரமும் தாழ்ந்திருந்தது. தெரேசா அமபிலே 1982-இல் வெளியிட்ட ஆய்வில், வண்ணத்தாள்களை ஒட்டிப் படம் செய்த சிறுமிகளில் பரிசுக்குப் போட்டியிட்டவர்களின் படைப்புகள், அதே பரிசு குலுக்கலில் போகும் என்று அறிந்தவர்களின் படைப்புகளைவிடப் புதுமை குன்றியவை என்று ஓவியர்களே மதிப்பிட்டார்கள்.

கோடை முகாம்களில் கடைசி நாள் எல்லோருக்கும் சான்றிதழ் தருவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த ஆய்வுகள் நினைவுக்கு வருகின்றன. முகாம்களே வேண்டாம் என்று சொல்லவில்லை. தமிழக அரசின் கலை பண்பாட்டுத் துறை நடத்தும் ஜவகர் சிறுவர் மன்றங்கள் 5 முதல் 16 வயது வரையுள்ள குழந்தைகளுக்குப் பாட்டு, பரதம், ஓவியம் என்று முறையான பயிற்சி தருகின்றன. வீட்டில் கிடைக்காத பயிற்சி அது. வசதி உள்ளவர்கள் அனுப்பட்டும். போட்டியும் சான்றிதழும்தான் ஊக்கம் என்ற எண்ணம் வீட்டுக்குள் வரக் கூடாது.

பரிசு தராவிட்டால் வேறு என்ன தருவது? இந்த மண்ணிலேயே அதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. ரசிகமணி டி.கே.சி. திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் தம் வீட்டில் நண்பர்களைக் கூட்டிக் கவிதையைப் படித்து, பாடி, அதன் சுவையைப் பேசிய கூட்டம்தான் வட்டத்தொட்டி. பிற்காலத்தில் அவர் குற்றாலத்தில் வாழ்ந்தபோதும் விருந்தோடு சேர்ந்து அந்த ரசனை தொடர்ந்தது. நல்ல ரசிகராக இருப்பதும் ஒரு கலை என்று தமிழ்நாட்டுக்குக் காட்டியவர் அவர். குழந்தை படத்தைக் கொண்டுவந்து நீட்டும்போது வீட்டில் அதற்கு வேண்டியது ஒரு ரசிகர். "சூப்பர்" என்று சொல்லிவிட்டு செல்போனுக்குத் திரும்புவது ரசனை ஆகாது. படத்தைக் கையில் வாங்கி, இந்த மாட்டுக்கு ஏன் மூன்று கால் என்று கேலி இல்லாமல் கேட்டால், நாலாவது கால் வைக்கோலுக்குப் பின்னால் இருக்கிறது என்று பதில் வரும். அந்தப் பதிலில் ஒரு முழுக் கதை இருக்கும்.

ஒருநாள் சாயங்காலம் குடும்பத்தோடு மாடியில் உட்கார்ந்து எல்லோரும் அந்த மேற்கு மலையை வரைந்து பார்க்கலாம். பெரியவர்களும் வரைய வேண்டும். அம்மாவுக்கு வரைய வராது என்பது இங்கே ஒரு நன்மை. அழகாக வரைவதற்காக உட்காரவில்லை, பார்ப்பதற்காக உட்கார்ந்திருக்கிறோம் என்று குழந்தைக்குப் புரிந்துவிடும். இன்னொரு நாள் குற்றாலம் போகலாம். அருவியில் தண்ணீர் இல்லாத மே மாதம் இந்த வட்டாரத்துக் குழந்தைகள் சித்திர சபையைப் பார்ப்பதற்கு ஏற்ற காலம். நடராசரின் ஐந்து சபைகளில் சிதம்பரத்தில் பொன், மதுரையில் வெள்ளி, நெல்லையில் தாமிரம், திருவாலங்காட்டில் ரத்தினம், குற்றாலத்தில் சித்திரம். இங்கே ஆண்டவனையே ஓவியமாக வைத்து வணங்குகிறார்கள். சுவரெங்கும் விரியும் அந்தக் காட்சிகளில் குழந்தை தனக்குப் பிடித்த ஒரு முகத்தையோ யானையையோ தேடி எடுத்துக்கொள்ளட்டும். வீட்டுக்கு வந்ததும் வண்ணத்தை அடுப்படியிலும் முற்றத்திலும் தேடலாம். செம்மண் இருக்கிறது, கரி இருக்கிறது. மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் சிவப்பாவது ஆரத்தி எடுக்கும் எல்லா வீட்டுக்கும் தெரிந்த வேதியியல். செம்பருத்திப் பூவைக் கசக்கிய சாற்றில் எலுமிச்சை பிழிந்தால் ஒரு நிறம், சோப்புத் தண்ணீர் விட்டால் வேறொரு நிறம். எந்த நிறம் என்பதை இங்கே எழுதாமல் விடுகிறேன்.

ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி குழந்தைகளின் கற்பனை பற்றி 1930-இல் எழுதிய சிறு நூலில் ஒரு பரவலான நம்பிக்கையை மறுத்தார். பெரியவர்களைவிடக் குழந்தைகளுக்குக் கற்பனை அதிகம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவர் இல்லை என்றார். கற்பனை என்பது அனுபவத்தில் சேர்ந்த பொருள்களைப் பிரித்துப் புதிதாகச் சேர்ப்பது. அனுபவம் குறைந்த குழந்தையிடம் அதற்கான சரக்கும் குறைவு. ஆகவே குழந்தையின் கற்பனை வளர வேண்டுமானால் அதன் அனுபவத்தை விரிவாக்க வேண்டும் என்பது அவர் முடிவு. ஊர் தாண்டிச் சுற்றுலா போக வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. நாற்றங்கால் எப்படித் தயாராகிறது, செங்கல் சூளையில் அடுக்கு எப்படி வைக்கிறார்கள், தச்சர் இழைப்புளி பிடிக்கும்போது சுருள் ஏன் சுருண்டு விழுகிறது என்று அரைமணி நேரம் நின்று பார்க்க விடுவதும் அனுபவம்தான்.

எல்லாம் சரி, நேரம் எங்கே என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. தென்காசி வட்டாரத்தில் பல வீடுகளில் தாய்மார் பீடி சுற்றுகிறார்கள். மடியில் சொளவு, அதில் இலையும் தூளும். ஒரு நாளின் எண்ணிக்கையை முடித்தால்தான் கூலி. அப்பாவோ அத்தாவோ வளைகுடா நாட்டில் இருக்கும் குடும்பங்களும் இந்தப் பகுதியில் நிறைய. இந்த வீடுகளில் போய் தினமும் ஒருமணி நேரம் குழந்தையோடு கைவினை செய்யுங்கள் என்று அறிவுரை சொல்வது கொடுமை. ஆனால் கை வேலையில் இருந்தாலும் வாய்க்கும் காதுக்கும் ஓய்வுண்டு. பீடி சுற்றும் இடத்தில் கதைக்குத் தடை இல்லை.

கதை சொல்வதற்கு இந்தப் பக்கத்தில் ஓர் அருமையான வடிவம் இருக்கிறது. வில்லுப்பாட்டில் தலைமைப் பாடகர் கதையை ஓட்டுவார். பக்கத்தில் இருப்பவர் ஆமா போடுவார். கேட்பவர் வாய் திறந்தால்தான் கதை நகரும். இதை வீட்டில் செய்து பார்க்கலாம். ஒரு குடம், ஒரு தட்டு, இரண்டு குச்சி போதும். ஆச்சி கதையைத் தொடங்கி ஓரிடத்தில் நிறுத்த வேண்டும். "அப்பந்தான் கதவு தட்டுற சத்தம் கேட்டுச்சு..." என்று ஆச்சி விட்டதும், யார் தட்டினார்கள் என்பதைப் பேத்திதான் சொல்ல வேண்டும். ஆமா போட்டவளே அடுத்த நிமிடம் கதையை ஓட்டுகிறாள். அழிப்பாங்கதை என்று இங்கே சொல்லும் விடுகதையும் இப்படித்தான். தெரிந்த விடுகதைக்கு விடை சொல்வதைவிடப் புதிதாக ஒன்று கட்டுவது நல்ல பயிற்சி. வீட்டில் இருக்கும் ஒரு பொருளை எடுத்து, அதன் பெயரைச் சொல்லாமல் அதன் குணத்தைச் சொல்ல வேண்டும். "பசிச்சா சும்மா இருப்பான், வயிறு நிறைஞ்சு சூடு ஏறினா சீட்டி அடிப்பான்" என்று குக்கரைப் பற்றிப் பெரியவர் ஒன்று சொல்லித் தொடங்கி வைத்தால், மிக்ஸியும் மோட்டாரும் தானே வரும். வெளிநாட்டில் இருக்கும் அப்பா வீடியோ அழைப்பில் நன்றாகப் படிக்கிறாயா என்று மட்டும் கேட்காமல், ஒரு விடுகதையைப் போட்டுவிட்டு மறுநாள் விடை கேட்கலாம்.

கதையின் பலத்தைக் கல்வியாளர்கள் நெடுநாளாக அறிவார்கள். 1920-இல் குஜராத்தின் பாவ்நகரில் பாலமந்திர் தொடங்கிய கிஜுபாய் பதேகாவின் 'திவாஸ்வப்ன' தமிழில் 'பகல் கனவு' என்ற பெயரில் வந்திருக்கிறது. அதில் வரும் ஆசிரியர், அடங்காத வகுப்பைக் கதை சொல்லித்தான் தன் பக்கம் இழுக்கிறார். நம் பக்கத்தில் கி. ராஜநாராயணன் கிராமத்து மக்கள் வாய்மொழியாகச் சொன்ன கதைகளைத் தொகுத்துச் சேர்த்து வைத்தார். அவருடைய 'பிஞ்சுகள்' பறவைகளின் பின்னால் அலையும் ஒரு கிராமத்துச் சிறுவனின் உலகத்தைச் சொல்லும் குறுநாவல். கோடையில் வீட்டில் பெரியவர் ஒருவர் அதை நாளுக்குச் சில பக்கங்களாக உரக்கப் படிக்கலாம். செல்போனுக்கும் இங்கே ஒரு நல்ல வேலை உண்டு. ஆச்சி சொல்லும் கதையைக் குழந்தை அதில் பதிவு செய்து, பிறகு கேட்டு எழுதட்டும். 2 முதல் 4 வயதுக் குழந்தைகளுக்குத் திரை நேரம் நாளுக்கு ஒருமணியைத் தாண்டக் கூடாது என்றும், அதற்கும் கீழுள்ளவர்களுக்குத் திரையே வேண்டாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொல்லியிருக்கிறது. அதை மதிப்போம். வளர்ந்த குழந்தைக்குச் செல்போன் பார்க்கும் பொருளாக இல்லாமல் செய்யும் கருவியாக மாறினால் அதுவே பெரிய மாற்றம்.

பெண்களின் அன்றாட வேலைகளுக்குள்ளேயே படைப்பு ஒளிந்திருக்கிறது. மாடியில் வேட்டியை விரித்துக் கூழ்வற்றல் பிழியும்போது ஒரு மூலையைக் குழந்தைக்கு ஒதுக்கிக் கொடுங்கள். தன் பெயரை, பாம்பை, பஸ்ஸை அது பிழியட்டும். வறுக்கும்போது எது எப்படி உப்பி உருமாறுகிறது என்பது இன்னொரு வேடிக்கை. கோலத்தைச் சும்மா நினைக்கக் கூடாது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகியோர் 1974-இல் கோலத்தின் விதிகளைக் கணினியியலின் மொழி இலக்கணத்தோடு பொருத்திக் கட்டுரை வெளியிட்டார்கள். சில விதிகளிலிருந்து கணக்கற்ற வடிவங்கள் பிறக்கும் முறை அவர்களுக்குக் கோலத்தில் தெரிந்தது. ஐந்து புள்ளி ஐந்து வரிசை வைத்துவிட்டு, நேற்றுப் போடாத கோலம் ஒன்றைப் போடு என்று சொல்லுங்கள். மகனிடமும் சொல்லுங்கள்.

மகனிடமும் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. சங்கரன்கோவிலில் பிறந்த தேவநேயப் பாவாணர் 'தமிழ்நாட்டு விளையாட்டுகள்' என்ற நூலில் நம் ஆட்டங்களைத் தொகுத்தபோது, ஆண்பால், பெண்பால், இருபால் என்றும் பகலாட்டு, இரவாட்டு என்றும் பிரித்துத்தான் எழுத வேண்டியிருந்தது. அன்றைய வழக்கம் அப்படி இருந்தது. பெண் குழந்தையின் ஆட்டம் முற்றத்தோடும் திண்ணையோடும் நின்றது. கொஞ்சம் வளர்ந்ததும் அதுவும் நின்றது. யார் யாரோடு விளையாடலாம் என்பதைத் தெருவும் சாதியும் முடிவு செய்தன. பழைய விளையாட்டுகளை மீட்போம் என்று பேசுகிறவர்கள் இதையும் நினைவில் வைக்க வேண்டும். ஆட்டத்தை மீட்கலாம், வேலியை மீட்கக் கூடாது. விடுமுறையில் அண்ணன் ஆற்றங்கரையில் நுங்கு வண்டி ஓட்டும்போது தங்கை பாத்திரம் தேய்த்துக்கொண்டோ, அம்மாவின் சொளவுப் பக்கத்தில் எண்ணிக்கையை நிரப்பிக்கொண்டோ இருந்தால் அந்த வீட்டில் கோடை ஒருவருக்கு மட்டும்தான் வந்திருக்கிறது.

ஒன்றும் செய்யாமல் இருக்கும் நேரமும் வேண்டும். "போரடிக்குது" என்று குழந்தை வந்து நின்றால் பெற்றோர் பதறுகிறார்கள். சாண்டி மேன், ரெபெக்கா கேட்மன் என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், தொலைபேசி எண்களைப் பார்த்து எழுதும் சலிப்பான வேலையைச் செய்த பிறகு ஆட்கள் பிளாஸ்டிக் கப்புகளுக்குக் கூடுதலான புதுப் பயன்களைச் சொன்னார்கள். அது பெரியவர்களிடம் நடந்த சிறு ஆய்வு. அப்படியே குழந்தைகளுக்குப் பொருத்திவிட முடியாது. ஆனாலும் மே மாத மத்தியானத்தில், வெயில் இறங்கும்வரை வெளியே போக முடியாமல் திண்ணையில் புரண்ட குழந்தை கடைசியில் எதையாவது உருட்டத் தொடங்குவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். சலிப்பு வந்ததும் செல்போனை எடுத்துக் கொடுத்துவிட்டால் அந்தத் தொடக்கம் நடக்காமலே போகிறது.

ஒரு விஷயத்தில் மட்டும் பெரியவர்கள் முழுக்கக் குறுக்கிட வேண்டும். தண்ணீர். கோடையில் கிணற்றிலும் குளத்துப் பள்ளத்திலும் அணைப்பகுதியிலும் குழந்தைகள் மூழ்கி இறக்கும் செய்தி ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. வற்றிய குளத்தில் மண் அள்ளிய குழிகள் எவ்வளவு ஆழம் என்று வெளியிலிருந்து தெரியாது. களிமண் எடுக்கப் போவதானாலும் பெரியவர் ஒருவர் கூடப் போக வேண்டும். நீச்சல் தெரிந்த மாமாவோ சித்தப்பாவோ இந்த விடுமுறையில் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்தால் அதைவிடப் பெரிய உதவி இல்லை. இங்கே தாராளமாகக் கற்பிக்கலாம். தானே கண்டுபிடிக்கட்டும் என்று விடக் கூடாத பாடம் இது.

தேர்வு முடிந்த மறுநாள் வீட்டில் பழைய நோட்டுகளை எடைக்குப் போட எடுத்து வைப்பீர்கள். அவற்றில் எழுதாத தாள்கள் எப்படியும் மிஞ்சியிருக்கும். அவற்றைப் பிரித்து அடுக்கி, கோணி ஊசியால் தைத்து, அட்டை போட்டு, குழந்தையின் பெயரை எழுதிக் கொடுங்கள். அதில் அது என்ன வரைந்தாலும், என்ன எழுதினாலும், எதை ஒட்டினாலும் சரி. பிழை திருத்தாதீர்கள், மதிப்பெண் போடாதீர்கள், உறவினர் வரும்போது கேட்காமல் எடுத்துக் காட்டாதீர்கள். குழந்தையே கொண்டுவந்து காட்டினால் மட்டும், கையில் இருக்கிற வேலையை இரண்டு நிமிடம் நிறுத்திவிட்டுப் பாருங்கள்.